முப்பது என்று எழுதப்பட்ட கிணறு

1976ஆம் வருடம் சித்திரை மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, உத்திரமேரூருக்கு நான்கு மைல் மேற்கேயுள்ள எருக்கந்தாங்கலில், தாயாரம்மாளின் கொல்லையில் வெட்டிக்கொண்டிருந்த முப்பதடிக் கிணறு முப்பது மீட்டர்க் கிணறாக ஆனது. அன்று சந்தையில் கத்திரிக்காய் கிலோ அறுபது பைசா, வெயில் நூற்றிநாலு டிகிரி. கிணறு ஆழமானபோது கிணறு வெட்டுகிற முனிரத்தினம் அதன் அடியில் நின்றுகொண்டிருந்தான்.

முனிரத்தினத்துக்கு அப்போது முப்பத்தைந்து வயது. அதுவரை இருபத்தாறு கிணறு வெட்டியிருந்தான். நீச்சல் தெரியாது. கிணறு வெட்டுகிறவனுக்கு நீச்சல் எதற்கு, தண்ணீர் வந்ததும் அவன் வேலை முடிந்துவிடுகிறது என்பது அவன் கட்சி. அவன் மனைவி பாஞ்சாலி மேலே நின்று, கயிறு ஓடும் கப்பியை இழுத்து மண்கூடைகளைத் தூக்குவாள். கல்யாணமாகிப் பதினோரு வருடங்களில் அந்தக் குடும்பத்தின் பேச்சு முழுவதும் பாஞ்சாலியுடையதாகவே இருந்தது. பகலெல்லாம் பூமிக்குள் இருக்கிற ஆளுக்குப் பேச என்ன வாய்ப்பு? கீழேயிருந்து அவன் கயிற்றை ஒருமுறை சுண்டினால் கூடை நிறைந்தது என்று அர்த்தம், இரண்டுமுறை சுண்டினால் பசிக்கிறது என்று அர்த்தம். இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

கொல்லைக்காரி தாயாரம்மாளின் கணவர் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் மேஸ்திரி. ஞாயிறு தவறாமல் வந்துபோவார். நிலம், மாடு, ஆள், அம்பு எல்லாம் தாயாரம்மாள் பொறுப்பு. இரண்டு வருடமாக ஏரி நிரம்பவில்லை. அரசாங்கம் கிணறு வெட்ட உதவி தருகிறது என்று கேள்விப்பட்டதும் அவள்தான் மனுப்போட்டு, அலைந்து, வாங்கினாள். முப்பதடி போனதும் பாறை வந்தது. தண்ணீர் வரவில்லை. முப்பதடி வரை வெட்டியதை அளந்து குறித்தால்தான் மேற்கொண்டு வெடிவைக்க உத்தரவு கிடைக்கும். அளப்பதற்காக அந்தப் புதன்கிழமை ஓவர்சியர் அருள்தாஸ் சைக்கிளில் வந்தார்.

இங்கே மீட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மீட்டர் இந்தப் பக்கம் வந்து அப்போதே பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. துணிக்கடைக்குள் முதலில் நுழைந்தது. அதன் தம்பி லிட்டர், பால்காரர்களைப் பிடித்துக்கொண்டது. ஆனால் மண்ணையும் மரத்தையும் சுவரையும் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கொத்தனாருக்குச் சுவர் ஒன்பது அங்குலம், அஸ்திவாரம் மூன்றடி. ஆசாரிக்கு வாசல்நிலை ஆறரையடி. கிணறு வெட்டுகிறவனுக்கு எல்லாமே அடி. அதே மண்ணும் சுவரும் அரசாங்கத்தின் அளவுப் புத்தகத்துக்குள் போகும்போது மட்டும் மீட்டராக மாறியாக வேண்டும். புத்தகத்தில் அடி, அங்குலம் என்ற சொற்கள் வரவே கூடாது என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. வெளியே இருக்கிற அடிக்கும் உள்ளே இருக்கிற மீட்டருக்கும் நடுவில் பாலம் மாதிரி இருந்தவர்கள் ஓவர்சியர்கள். அவர்கள் கையிலிருந்த டேப்பில் ஒரு முகத்தில் அடியும் மறுமுகத்தில் மீட்டரும் அச்சடித்திருந்தது.

அருள்தாஸ் இருபத்தெட்டு வயதுப் பிரம்மச்சாரி. சட்டைக் காலர் அழுக்காகாமல் இருக்கக் கழுத்தைச் சுற்றி வெள்ளைக் கைக்குட்டை வைத்திருப்பார். தப்பு நடந்துவிடுமோ என்ற பயத்தில் எதையும் இரண்டுமுறை செய்கிறவர். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அது அவ்வளவு திருத்தமாக இல்லாதிருந்தால் கிணறு அதை நம்பியிருக்காது என்று பிற்பாடு ஊரில் சிலர் சொன்னார்கள்.

டேப்பின் நுனியைக் கிணற்றுக்குள் விட்டார். முனிரத்தினம் கீழே அதைப் பிடித்துப் பாறையில் வைத்து அழுத்தி, "தொட்டுச்சி சார்!" என்று குரல் கொடுத்தான். அருள்தாஸ் மேலே குனிந்து பார்த்தார். முப்பது. நிமிர்ந்து இன்னொருமுறை குனிந்து பார்த்தார். முப்பதுதான். இரண்டுமுறையும் அவர் பார்த்தது டேப்பின் அடி முகம். புத்தகத்தைத் திறந்து, 'ஆழம் (மீட்டர்)' என்று அச்சடித்திருந்த கட்டத்தில் 30 என்று எழுதிப் புள்ளி வைத்தார்.

மை காய்வதற்கும் கிணறு இறங்குவதற்கும் சரியாக இருந்தது. சத்தம் எதுவும் இல்லை. கப்பிக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்த பாஞ்சாலி, தன் புருஷனின் தலை தேங்காய் அளவாகி, எலுமிச்சை அளவாகி, புளியங்கொட்டை அளவாகி நிற்பதைக் கண்டாள். முப்பதடி வரைக்கும் கடப்பாரைத் தழும்போடு இருந்த கிணற்றுச் சுவர், அதற்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல வழவழவென்று போயிற்று. கைவைத்து ஏற ஓர் இடுக்கு இல்லை.

"யோவ்! இன்னாய்யா ஆச்சி?" என்று பாஞ்சாலி கத்தினாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "தெர்ல. இங்க ஜில்லுனு கீது."

முதலில் கயிறு விட்டார்கள். திங்கட்கிழமைதான் வாங்கிய புதுக் கயிறும் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற பழைய கவலைக் கயிறும் சேர்த்து முடிந்து நூற்றிருபது அடி இருந்தது. அது முப்பதடி வரை ஒழுங்காக இறங்கியது. அதற்குக் கீழே இறங்கவில்லை. விட விட, முப்பதாவது அடியில் அந்தரத்திலேயே, கண்ணுக்குத் தெரியாத பலகைமேல் வைத்தது போலச் சுருண்டு படுத்துக்கொண்டது. அந்தக் கிணற்றில் இருந்தது முப்பது அடிதான். மிச்சமெல்லாம் மீட்டர். அடிக்கணக்கில் வாங்கிய கயிற்றுக்கு அங்கே வேலையில்லை. அளந்து வாங்காத சாமான்களுக்கு அந்தத் தடை இருக்கவில்லை. தாயாரம்மாள் வாழையிலையில் கட்டிப் போட்ட களி உருண்டை நேராகக் கீழே போய்ச் சேர்ந்தது. பேச்சும் போய்ச் சேர்ந்தது. ஆனால் உருண்டையைப் பிடித்துக்கொண்டு யாரும் மேலே வர முடியாது.

பதினொன்றரைக்கு முனிரத்தினம் தண்ணீர் வருகிறது என்றான். தொண்ணூற்றுச் சொச்சம் அடிக்குக் கீழே, அந்த ஊரில் எவருடைய கடப்பாரையும் தொட்டிராத ஊற்று ஒன்று பாறை இடுக்கில் திறந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கணுக்காலுக்கு வந்துவிட்டது.

அருள்தாஸுக்குப் புத்தி வேலை செய்தது. தப்பு எங்கே என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முப்பது அடி என்பது மீட்டரில் 9.14. முப்பதை அடித்துவிட்டு 9.14 என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தால் கணக்கு சரியாகிவிடும். பேனா மூடியைத் திறந்தார். பாஞ்சாலி ஓடிவந்து புத்தகத்தின்மேல் தன் மண் படிந்த கையை வைத்தாள்.

"ஆளு உள்ள கீறாரு சார். நீ பாட்டுக்கு கெணத்த சுருக்கினா அவரு இன்னா ஆவாரு?"

"தரை மேல வந்துரும்மா. அவரும் கூடவே வந்துருவார், லிஃப்ட் மாதிரி" என்றார் அருள்தாஸ். அவர் சென்னையில் ஒரே ஒருமுறை லிஃப்டில் போயிருந்தார்.

"வந்துரும்னு உனுக்கு யாரு சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை. அதனால் முதலில் வேறொன்றில் செய்து பார்ப்பது என்று முடிவாயிற்று. அதே புத்தகத்தில் முந்தின மாதம் எழுதிய பக்கத்தில் ஊர்ப் பொதுக்களம் இருந்தது. பன்னிரண்டு மீட்டர்ச் சதுரம், சிமெண்டுத் தரை. அன்று அதில் மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். எல்லோரும் களத்தோரம் போய் நிற்க, அருள்தாஸ் 12ஐ அடித்து 3.66 என்று எழுதினார். களம் சத்தமில்லாமல் பன்னிரண்டடியாகச் சுருங்கியது. களம் முழுக்கப் பரப்பியிருந்த மிளகாய் நாலு பக்கமிருந்தும் நெருங்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஓர் ஆள் உயரத்துக்குக் குவிந்து நின்றது. அடியில் இருந்ததெல்லாம் பொடியாகிவிட்டிருந்தது. களத்தைச் சுற்றி நின்ற எல்லோரும் அரைமணி நேரம் தும்மினார்கள். அருள்தாஸ் தும்மிக்கொண்டே 3.66ஐ அடித்து மறுபடி 12 போட்டார். களம் விரிந்தது. பொடியானது பொடியாகவே இருந்தது.

பாஞ்சாலி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரு மொளகா இல்ல."

அதற்கு மேல் அந்த யோசனையை யாரும் எடுக்கவில்லை. ஆனால் தாயாரம்மாள் அப்போது ஒரு வார்த்தை சொன்னாள். அதற்காக அவள் பின்னால் பல வருடம் வருத்தப்பட்டாள். "அடிக்காம இருக்கறதே நல்லது. தண்ணி வந்துக்கினு கீது பாரு. இத்த விட்டா இந்த ஊருக்கு வேற தண்ணி ஏது?" என்றாள். கொல்லையில் அவளுடைய நெல் நாற்று மஞ்சளாகிக் கிடந்தது. ஊரில் குடிதண்ணீருக்கு ஒன்றரை மைல் நடந்துகொண்டிருந்தார்கள். அவள் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. பாஞ்சாலி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "உள்ள உங்க வூட்டுக்காரரு இருந்தா இப்டி தண்ணிய பாப்பியாம்மா?" என்று மட்டும் கேட்டாள். தாயாரம்மாள் கிணற்று மேட்டில் பாஞ்சாலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஆளும் வரணும், தண்ணியும் நிக்கணும். அதுக்கு இன்னா வழின்னு பாரு" என்றாள். மீட்டர்க் கயிறு தேடிப் பாஞ்சாலியும் மேலதிகாரியைக் கேட்க ஓவர்சியரும் உத்திரமேரூர் போய்வரும்வரை கிணற்றை விட்டு நகர்வதில்லை என்றும், முனிரத்தினத்தோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பது என்றும் தாயாரம்மாள் ஒப்புக்கொண்டாள். சொன்னபடி செய்தாள். இரண்டரை மணி நேரத்தில் மாட்டு வியாதி, மாமியார் குணம், மில் மேஸ்திரியின் குறட்டை எல்லாவற்றையும் அவள் கிணற்றுக்குள் சொல்லித் தீர்த்தாள். முனிரத்தினம் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றான்.

பாஞ்சாலி ஓவர்சியரின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனாள். இந்தச் சங்கதியைத்தான் ஊர் கிணற்றைவிட அதிகமாகப் பேசியது. அருள்தாஸ் தபாலாபீசில் இறங்கித் தன் மேலதிகாரிக்கு டிரங்கால் போட்டார். முக்கால் மணி நேரத்துக்குப் பின் லைன் கிடைத்தது. மேலதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கிணறு இறங்கியதில் அவருக்கு ஆச்சரியம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. "தப்புன்னா அடிச்சு எழுதுப்பா. அடிச்சு எழுதலாம். ஆனா அடின்னு மட்டும் எழுதிராதே. சுற்றறிக்கை இருக்கு, வேலை போயிரும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதே நேரத்தில் பாஞ்சாலி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அஹமது பாட்சாவின் கடையில் நின்றாள். ஆணி, கீல், தாழ்ப்பாள், கயிறு எல்லாம் விற்கிற கடை. தாயாரம்மாளுக்குத் திங்கட்கிழமை கயிறு விற்றவர் அவர்தான். கடைப் பலகையின் விளிம்பில் மூன்றடி இடைவெளியில் இரண்டு பித்தளை ஆணி அடித்திருக்கும். கயிற்றை அதில் வைத்துத்தான் அளப்பார். முத்திரை குத்திய இரும்பு மீட்டர்க் கோல் முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்கும். எடைகல் பரிசோதகர் வருகிற நாளில் மட்டும் கீழே இறங்கும்.

"பாய், கெணத்துல எங்க வூட்டுக்காரரு மீட்டர்ல மாட்டிக்கினாரு. அடிக் கயிறு போவமாட்டேன்து. நீளமா மீட்டர்க் கயிறு கீதா?"

அஹமது பாட்சா வருத்தப்பட்டார். நீளக் கயிற்றின் கடைசிச் சுருள் தாயாரம்மாளிடம்தான் போயிருந்தது. அடுத்த லோடு வெள்ளிக்கிழமை. கடையில் மிச்சம் மாட்டுக்குப் போடுகிற, அடிக்கணக்கில் நறுக்கிய தும்புக் கயிறுதான். அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நடந்ததை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "கயித்து மேல குத்தமில்லம்மா. பேஜார் எல்லாம் புக்குல கீது. அந்தப் புக்குக்கு அடின்னா இன்னான்னே தெரியாது" என்றார்.

"உங்க கடையில ரெண்டும் கீதே. இங்க சண்ட வர்லயா?"

"வந்துச்சி, ஆரம்பத்துல. வர்றவங்க அடின்னு கேப்பாங்க, கவர்மெண்டு மீட்டர்னு சொல்லும். அப்புறம் நானு இத்த ஒட்டிக்கினேன்" என்று கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த மஞ்சள் காகிதத்தைக் காட்டினார். ஏதோ பெயிண்ட் கம்பெனி இலவசமாகக் கொடுத்த பட்டியல். இடது பக்கம் ஒரு வரிசை எண்கள், வலது பக்கம் ஒரு வரிசை. "பில்லுல ரெண்டையும் எழுதுவேன். அவங்களுக்கும் சந்தோஷம், இன்ஸ்பெக்டருக்கும் சந்தோஷம்."

பாஞ்சாலிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தத் தாளில் ஒவ்வொரு வரியிலும் நடுவில் ஒரே மாதிரி ஏதோ இருப்பதைக் கவனித்தாள். "இது இன்னா பாய், ரெண்டு கோடு?"

"அதான்மா எல்லாம். இந்தப் பக்கம் கீறதும் அந்தப் பக்கம் கீறதும் ஒண்ணுதான்னு அர்த்தம்."

பாஞ்சாலி எழுந்துகொண்டாள். அஹமது பாட்சா சுவரிலிருந்து தாளைக் கிழியாமல் உரித்து அவள் கையில் கொடுத்தார்.

அவர்கள் திரும்பி வரும்போது மணி மூன்றே கால். முனிரத்தினத்துக்கு மார்பளவு தண்ணீர் வந்துவிட்டிருந்தது. கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. தாயாரம்மாள் தொண்டை கட்டிப்போய் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். பாஞ்சாலி மேட்டில் படுத்துத் தலையை உள்ளே நீட்டினாள்.

"யோவ், நான் வந்துட்டேன்."

"பாஞ்சாலி." குரல் கிணற்றுச் சுவரில் பட்டுப் பட்டு மேலே வந்தது. "உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"உன் கருவாட்டுக் கொயம்புல புளி ஜாஸ்தி. பதினோரு வருசமா சொல்லணும்னு நெனச்சிக்கினே இருந்தேன்."

ஊர் முழுக்கக் கேட்டது. பாஞ்சாலிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இத்த சொல்றதுக்கு ஒனக்கு இவ்ளோ ஆயம் தேவப்பட்டுதா?" என்றாள்.

"இன்னோண்ணும் கீது. நீ மேல கப்பிய இஸ்க்கிற சத்தம் கேட்டுக்கினே இருந்தாதான் எனுக்கு கீய பயம் இருக்காது. காலைலேந்து அந்தச் சத்தம் இல்ல."

பாஞ்சாலி எழுந்து போய்க் கப்பியில் கிடந்த வெறுங்கயிற்றை இழுத்தாள். கூடையில்லாத கயிறு கிறீச்சிட்டுக்கொண்டு ஓடியது. இழுத்துக்கொண்டே அவள் அருள்தாஸைப் பார்த்தாள். அருள்தாஸ் கையில் புத்தகமும் மஞ்சள் தாளுமாக நின்றுகொண்டிருந்தார். வழியெல்லாம் அவள் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அவரும் வழியெல்லாம் முடியாது என்று சொல்லியிருந்தார். அவருடைய சம்பளத்தை நம்பி ஊரில் கல்யாணமாகாத இரண்டு தங்கைகள் இருந்தார்கள். அரசாங்க அளவுப் புத்தகத்தில் இந்தப் பதினைந்து வருடத்தில் யாரும் அடி என்ற சொல்லை எழுதியதில்லை.

"சார்" என்றாள் பாஞ்சாலி. "எதையும் அடிக்க வேணாம். எயுதினது எயுதினதாவே இருக்கட்டும். பக்கத்துல அந்த ரெண்டு கோட்ட போட்டு அடியையும் எயுது. அவ்ளோதான்."

"மார்ல தண்ணி" என்று கீழேயிருந்து குரல் வந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு, "கயுத்துல" என்றது.

அருள்தாஸ் கழுத்துக் கைக்குட்டையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சைக்கிள் சீட்டின்மேல் புத்தகத்தை வைத்தார். மஞ்சள் தாளைப் பார்த்து, ஒரு மீட்டருக்கு மூன்றே புள்ளி இருபத்தெட்டு அடி என்று எடுத்துக்கொண்டு, முப்பதால் பெருக்கினார். வழக்கம்போல இரண்டாவது முறையும் பெருக்கினார். தொண்ணூற்றெட்டுப் புள்ளி நான்கு. 30க்குப் பக்கத்தில் இரண்டு கோடு போட்டார். கோடு கோணலாக விழுந்தது. அவர் வாழ்நாளில் போட்ட முதல் கோணல் கோடு அதுதான் என்பார்கள். பிறகு 98 அடி என்று எழுதினார். புள்ளி நான்கை எழுத அவருக்குக் கை வரவில்லை.

வயிறு நிறையத் தின்றவன் உட்கார்ந்த இடத்தில் அசைந்து கொடுப்பது போலக் கிணறு ஒருமுறை அசைந்து கொடுத்தது. அந்தரத்தில் சுருண்டு கிடந்த கயிறு பொத்தென்று அவிழ்ந்து நேராகக் கீழே ஓடியது. கப்பியின் சத்தத்தைக் கேட்டு முனிரத்தினம் தலைக்கு மேலே கையைத் தூக்கி வைத்திருந்தான். கயிறு அவன் கைக்குள் வந்து விழுந்தது. அவன் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில் இரண்டுமுறை சுண்டினான். பசிக்கிறது என்று அர்த்தம். எட்டுப் பேர் கயிற்றைப் பிடித்தார்கள். தாயாரம்மாள் முதல் ஆளாகப் பிடித்தாள்.

நாலரை மணிக்கு முனிரத்தினத்தின் தலை கிணற்று விளிம்புக்கு மேல் வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கை விரல்கள் சலவைக்காரரின் விரல்கள் போலச் சுருங்கியிருந்தன. பாஞ்சாலி அவன் தலையைத் துவட்டினாள். அவ்வளவு பேர் மத்தியிலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு நிமிர்ந்து சைக்கிள் சீட்டின்மேல் திறந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்தான். "மொதல்ல அத்த மூடு சார்" என்றான். அருள்தாஸ் மூடினார்.

அதற்கு மறுநாள் தாயாரம்மாள் ஒரு மரக்கால் பச்சரிசியும் புடவையும் தட்டில் வைத்துப் பாஞ்சாலி வீட்டுக்கு எடுத்துப்போனாள். பாஞ்சாலி அரிசியை வாங்கிக்கொண்டாள். புடவையைக் கொஞ்ச நாள் பொறுத்து வாங்கிக்கொண்டாள். கிணற்றில் தண்ணீர் அறுபதடிக்கு ஏறி நின்றது. எடுக்க எடுக்கக் குறையவில்லை. ஒன்றரை மைல் நடந்துகொண்டிருந்த பெண்கள் அந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் முதல் ஒரு வாரம் தடுமாறினார்கள். இரண்டாவது வாரம் சரியாகிவிட்டது. 82ஆம் வருடம் மழை பொய்த்து, சுற்றுவட்டாரத்தில் கிணறெல்லாம் வறண்டபோது, மாகறலிலிருந்துகூட டயர் வண்டியில் பீப்பாய் கட்டிக்கொண்டு வந்து இங்கே தண்ணீர் எடுத்துப்போனார்கள்.

அருள்தாஸுக்கு அந்த ஆடி மாதம் மெமோ வந்தது. நான்கு பக்கத்துக்குப் பதில் எழுதினார். அடுத்த வருடம் ஒரு தணிக்கையாளர் வந்து, 'அடி என்னும் சொல் ஆட்சேபத்துக்குரியது, நீக்கப்பட வேண்டும்' என்று பென்சிலால் ஓரத்தில் குறித்தார். நீக்குவதற்கு வந்தவர் கிணற்றில் ஏழு குடம் இறங்கியிருப்பதையும், கயிற்றின் மறுமுனையில் ஏழு பெண்கள் நிற்பதையும், அவர்கள் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பதையும் கண்டு, கிணறு உபயோகத்தில் உள்ளது என்று எழுதிவிட்டுப் போனார். ஒவ்வொரு வருடமும் யாராவது வந்தார்கள். ஒவ்வொரு வருடமும் கிணறு உபயோகத்தில் இருந்தது. அருள்தாஸின் வேலை போகவில்லை. 79இல் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் மாற்றல் கிடைத்தது. தங்கைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்து, அவரும் செய்துகொண்டார். கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி போட்டபோது, பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் என்று எழுதி, இரண்டு கோடு போட்டு, ஐந்து பர்லாங் என்றும் எழுதியிருந்தார். பாஞ்சாலியும் முனிரத்தினமும் மூன்று பஸ் மாறிப் போய்வந்தார்கள்.

எழுதாமல் விட்ட அந்தப் புள்ளி நான்கு அடி, அதாவது ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, கிணற்றின் அடியில் அப்படியே இருக்கிறது. எந்தக் கயிறும் எந்தக் கொக்கியும் அதற்குள் போவதில்லை. உள்ளே விழுந்த சொம்போ டம்ளரோ அந்த ஐந்து அங்குலத்துக்குள் போய்விட்டால், போனதுதான் என்று வேறு வாங்கிக்கொள்வார்கள். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

முனிரத்தினம் அதன்பிறகு இன்னும் நாற்பத்தொரு கிணறு வெட்டினான். நீச்சலும் கற்றுக்கொண்டான். கிணற்றுக்குள் ஆள் இருக்கும்போது பக்கத்தில் யாரும் எதையும் எழுதக்கூடாது என்பது மட்டும் அந்தப் பக்கத்துக் கிணறுகளில் எல்லாம் வழக்கமாகிவிட்டது. தபால்காரர் மணியார்டரில் கையெழுத்து வாங்கவும் காத்திருப்பார். 87ஆம் வருடம் விவசாயக் கிணறுகளைக் கணக்கெடுக்கப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஊர்க்கோடியில் முனிரத்தினம் உள்ளே இறங்கி வேலை செய்துகொண்டிருந்த கிணற்றோரம் வண்டியை நிறுத்திவிட்டு, நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். கப்பியிலிருந்து பாஞ்சாலியும், களத்திலிருந்து இரண்டு பெண்களும், எதிர்க் கொல்லையில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார்கள்.

"ஆளு உள்ள கீது! பேனாவ மூடு!"

அவர் மூடினார். ஏன் என்று கேட்கவில்லை. வேப்பமரத்து நிழலில் போய் உட்கார்ந்தார். தாயாரம்மாள் வீட்டிலிருந்து மோர் வந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து முனிரத்தினம் மேலே ஏறிவந்து, காலில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இப்ப எயுதிக்கோ சார்" என்றான்.